தண்டனை நாளுக்கு ஒரு வக்கீல்: சத்துவாச்சாரி அலுவலகம் ஒன்றின் சேவை

வேலூர் சத்துவாச்சாரியில், ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒரு வக்கீல் அலுவலகத்தை, என் அக்கா மகனின் குற்ற வழக்குக்காக ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பயன்படுத்தினோம். அலுவலகத்தின் பெயரை எழுதப்போவதில்லை. குறைகளையும் சொல்லப்போகிறேன் என்பதால் அதுதான் முறை. விடுதலை வாங்கித் தரும் சாமர்த்தியத்தைப் பற்றிய மதிப்புரை அல்ல இது. எங்கள் பையன் அடித்தது உண்மை. குற்றவாளி என்றுதான் தீர்ப்பும் வந்தது. அந்தத் தீர்ப்புக்கும் தண்டனை எவ்வளவு என்ற உத்தரவுக்கும் நடுவே, பெரும்பாலான வழக்குகளில் ஐந்து நிமிடம்கூட நீடிக்காத ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்துக்காக இந்த அலுவலகம் செய்த வேலையையும் செய்யாமல் விட்ட வேலையையும்தான் எழுதுகிறேன்.

வழக்கு சின்னது. அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்தில் பங்காளிகள் இருவருக்கும் பொதுவாக ஒரு கிணறு. மோட்டார் போடும் முறை யாருடையது என்பதில் 2022 மே மாதத்தில் வாய்த்தகராறு முற்றி, என் அக்கா மகன் கையிலிருந்த மண்வெட்டியின் காம்பால் அடித்ததில் பங்காளியின் இடது முன்கை எலும்பு முறிந்தது. எலும்பு முறிந்தாலே சட்டத்தின் கணக்கில் அது கொடுங்காயம். போலீஸார், அபாயகரமான ஆயுதத்தால் கொடுங்காயம் விளைவித்தான் என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 326-ஆம் பிரிவில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார்கள். பையன் 11 நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான்.

ஜாமீன் எடுத்துக் கொடுத்தவர் வேறு ஒரு வக்கீல். விசாரணை பாதி நடந்திருந்தபோது, தண்டனை வந்தால் என்ன செய்வது என்று அவரிடம் கேட்டேன். மருமகளையும் நான்கு வயதுப் பேத்தியையும் தீர்ப்பு நாளன்று முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும், குழந்தை அழுதால் இன்னும் நல்லது, "குடும்பத்துக்கு இவன் ஒருவனே ஆதாரம், கருணை காட்ட வேண்டும்" என்று தான் எழுந்து சொல்வதாக அவர் பதில் சொன்னார். அந்த வாக்கியத்தை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். முப்பது ஆண்டுகள் வருவாய்த்துறையில் எழுத்தராக இருந்த காலத்தில், கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போன நாள்களில், கூண்டில் நின்ற ஒவ்வொருவருக்காகவும் ஒவ்வொரு வக்கீலும் அதையே சொன்னார்கள். எல்லோருக்கும் பொருந்துகிற ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு மாஜிஸ்திரேட் எதைப் பிரித்துப் பார்க்க முடியும்? அன்றைக்கே வக்காலத்தை மாற்றிவிட முடிவு செய்தேன்.

புதிய அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே முதல் மாடியில் இருக்கிறது. படி குறுகலானது; டயாலிசிஸ் செய்துகொள்கிற என் அக்காவால் ஒருமுறைகூட ஏற முடியவில்லை. உள்ளே ஒரு நீள பெஞ்ச், கட்டுகள் அடுக்கிய இரண்டு இரும்பு பீரோ, வயதான குமாஸ்தா ஒருவர், ஜூனியர்கள் இருவர். வக்கீல் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண்மணி. எல்லோரும் மேடம் என்றே கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். கட்டை வாங்கிப் படித்துவிட்டு அடுத்த வாரம் வரச் சொன்னவர், அடுத்த வாரம் போனபோது என் அக்கா மகனைப் பார்த்து முதலில் கேட்டது, "நீ உள்ளே போய்விட்டால் திங்கட்கிழமை விடியற்காலை உன் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிக்கொண்டு போவார்கள்?" என்பது. கருணைக்காகக் கேட்ட கேள்வி அல்ல. பதிலை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். அண்ணன் ஒசூரில் இருக்கிறான், மாதம் ஒருமுறை வருகிறான் என்பதையும் கேட்டு எழுதினார். அதைச் சொல்ல வேண்டுமா என்று நான் தயங்கியபோது, வேறு யாருமே இல்லை என்று எழுதிவிட்டு அரசு வக்கீல் ஒரே கேள்வியில் அண்ணனை வெளியே கொண்டுவந்தால், எழுதிக் கொடுக்கிற வாதத்தின் மற்ற ஐந்து பக்கமும் குப்பைக்குப் போய்விடும் என்றார்.

பிரிவைப் பற்றி அவர் எடுத்துக்கொண்ட அக்கறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 326-ஆம் பிரிவுக்கு உச்சபட்ச தண்டனை ஆயுள் வரை போகிறது. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தை, குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விட வழிசெய்வதும் வக்கீல்கள் வாயில் 'பி.ஓ. ஆக்ட்' என்று வழங்குவதுமான சட்டத்தை, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கு அதன் 4-ஆம் பிரிவின் கீழ்ப் பயன்படுத்த முடியாது. மாஜிஸ்திரேட் மூன்று ஆண்டுக்கு மேல் தண்டனை கொடுக்க முடியாதே என்று நான் கேட்டேன். மாஜிஸ்திரேட் எவ்வளவு கொடுக்க முடியும் என்பது கணக்கில்லை, பிரிவு எவ்வளவு வரை போகிறது என்பதே கணக்கு என்று மேடம் விளக்கினார். அபாயகரமான ஆயுதம் இல்லாத கொடுங்காயத்துக்கான 325-ஆம் பிரிவோ ஏழு ஆண்டு வரைதான். அங்கே கதவு திறந்திருக்கிறது. ஆகவே அடித்தது இரும்பா, மரக்காம்பா என்ற ஒரே கேள்வியில் அவர் டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்தார். காயச் சான்றிதழில் வெட்டுக்காயம் எதுவும் இல்லை. மொட்டையான பொருளால் பட்ட அடி என்று டாக்டர் ஒப்புக்கொண்டார். 2025-இல் வந்த தீர்ப்பு 325-இல்தான் குற்றவாளி என்றது. குடும்பக் கஷ்டத்தைப் பேசுவதற்கு இடம் கிடைத்ததே அந்தக் குறுக்கு விசாரணையால்தான். தண்டனை பற்றிய வேலை தீர்ப்புக்குப் பிறகு தொடங்குவது அல்ல என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை அவர் எங்களுக்குப் பொறுமையாகவே சொன்னார். மாஜிஸ்திரேட் முன் நடந்த எங்கள் வழக்கில், குற்றவாளி என்று கண்ட பிறகு தண்டனை குறித்து எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரை, கேட்டே தீர வேண்டும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 248(2). செஷன்ஸ் கோர்ட்டாக இருந்தால் 235(2). 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இவை முறையே 271(2), 258(2) ஆகிவிட்டன. இந்தக் கேட்பு ஒரு சடங்கு அல்ல என்று 1976-இல் சாந்தா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வயது, முந்தைய குற்றப் பின்னணி, வேலை, படிப்பு, வீட்டு வாழ்க்கை, மனநிலை, திருந்தி இயல்பு வாழ்க்கைக்குத் திரும்பும் வாய்ப்பு இவை எல்லாவற்றையும் பற்றிய விவரங்களை முன்வைக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று அங்கே சொல்லப்பட்டது. மரண தண்டனை வழக்குகளில் இது இன்னும் கடுமையாகிறது. 1980-இன் பச்சன் சிங் தீர்ப்புப்படி, எதிரி திருந்த மாட்டான் என்பதை அரசு சான்றுகளோடு நிரூபிக்க வேண்டும். 2022-இன் மனோஜ் தீர்ப்புக்குப் பிறகு மனநல மதிப்பீடு, குடும்பப் பின்னணி, சிறை நடத்தை அறிக்கை ஆகியவையும் கோர்ட் முன் வர வேண்டும். உயிர் போகிற வழக்கில் மட்டுமே அவ்வளவு காகிதமும் கட்டாயமாகிறது. கை முறிந்த வழக்கில் வக்கீல் கொண்டுவந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இங்கே மேடம் சொன்ன ஒன்று, நான் கொடுத்த கட்டணத்துக்கு ஈடானது. பி.ஓ. ஆக்டின் 4-ஆம் பிரிவை எடுத்து என் முன் வைத்து, இதில் 'குடும்பம்' என்ற சொல் எங்கே இருக்கிறது என்று தேடச் சொன்னார். நான் தேடினேன். குற்றத்தின் தன்மை, குற்றம் செய்தவரின் குணநடத்தை, வழக்கின் சூழ்நிலை என்றுதான் இருக்கிறது. கூடவே, அவருக்கோ ஜாமீன்தாரருக்கோ அந்தக் கோர்ட்டின் எல்லைக்குள் நிலையான இருப்பிடமோ முறையான தொழிலோ இருக்க வேண்டும் என்கிற நிபந்தனை. "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பது உங்கள் கஷ்டம் சார். அந்த அம்மாவை இவன் எப்படிப் பார்த்துக்கொள்கிறான் என்பது இவன் குணம். கோர்ட் இரண்டாவதைத்தான் கேட்கிறது, முதலாவது அதன் பின்னால் தானாக வரும்" என்றார்.

அதற்கான சான்று எங்கள் வீட்டு அலமாரியில் தூசியோடு கிடந்தது. டயாலிசிஸ் யூனிட்டில் என் அக்காவுக்குக் கொடுத்திருந்த நீல அட்டை போட்ட நோட்டு. ஒவ்வொரு முறையும் ஒரு வரிசை: தேதி, வருவதற்கு முன் எடை, போகும்போது எடை, இரத்த அழுத்தம், கடைசிக் கட்டத்தில் 'உடன் வந்தவர்' கையெழுத்து. வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று ஆண்டு, நான்கு நோட்டு. ஜூனியர் பையன் பென்சிலால் குறித்துக்கொண்டே எண்ணினான். 311 வரிசைகளில் 284-இல் என் அக்கா மகனின் கையெழுத்து. காய்கறி ஏற்றும் லோடு ஆட்டோவை நேதாஜி மார்க்கெட்டில் இறக்கிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்த நாள்களில் விரல் கறை தாளில் அப்படியே பதிந்திருக்கிறது. 2022 மே மாதப் பக்கத்தில் ஒரு வியாழக்கிழமை வரிசை காலி. அவன் காவலில் இருந்த 11 நாளில் அழைத்துப்போக ஆள் இல்லாமல் ஒருமுறை விடுபட்டது. அடுத்த வரிசையில், மூச்சுத் திணறலோடு அவசரச் சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டதாக நர்ஸ் சிவப்பு மையில் எழுதியிருந்தார். அதற்குக் கீழே என் கையெழுத்து. மேடம் அந்தப் பக்கத்தை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, இதை மட்டும் கலர் ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார். "மாமா, போடச் சொன்னாங்க, போட்டேன். இதெல்லாம் கோர்ட்டுக்கு வரும்னு யாருக்குத் தெரியும்?" என்றான் பையன்.

நோட்டோடு ஆட்டோவின் ஆர்.சி., மண்டிக்காரர் கொடுத்த கடிதம், வாகனக் கடனுக்குத் தவணை தவறாமல் கட்டிய பாஸ்புக் பக்கங்கள், வேறு வழக்கு எதுவும் இல்லை என்பதற்கான விவரம், சம்பவத்துக்குப் பிறகு கிணற்று முறையை ஊரில் எழுதி வைத்துக்கொண்டதற்கான தாள் ஆகியவை சேர்ந்தன. கடைசியில் சொன்ன தாள் முக்கியமானது. தகராறுக்குக் காரணமாக இருந்தது இன்னும் அப்படியே கிடந்தால், திருந்திவிட்டான் என்று எந்த மாஜிஸ்திரேட்டும் நம்ப மாட்டார் என்பது மேடத்தின் வாதம். மூன்று ஆண்டாக ஒரு சச்சரவும் இல்லாமல் அதே கிணற்றில் இரண்டு குடும்பமும் தண்ணீர் இறைத்திருக்கிறது என்று காட்ட அது உதவியது.

இதே அலுவலகம் எல்லோருக்கும் நம்பிக்கை சொல்லி அனுப்புகிற இடம் அல்ல என்பதையும் பார்த்தேன். ஒரு மாலை, பெஞ்சில் என் பக்கத்தில் காட்பாடியிலிருந்து ஒரு பெண் இரண்டு குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தாள். கணவன் லாரி டிரைவர், விபத்தில் ஒருவர் இறந்துபோன வழக்கு. எங்கள் வீட்டைவிட அவள் வீட்டில் கஷ்டம் அதிகம். மாமியார் படுக்கையில், வாடகை பாக்கி, சம்பாதிக்கிற ஆள் அவன் ஒருவன்தான். அலட்சியமாக வண்டி ஓட்டி மரணம் விளைவித்ததற்கான 304-ஏ பிரிவில் பழைய சட்டப்படி உச்சபட்சமே இரண்டு ஆண்டுதான், பி.ஓ. ஆக்டுக்குத் தடை இல்லை. ஆனால் 2000-இல் தல்பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், சாலை விபத்துகள் பெருகும் நிலையில் டிரைவர்களுக்கு இந்தச் சட்டத்தின் சலுகையைக் காட்டக் கூடாது, தண்டனை மற்ற டிரைவர்களுக்கும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்ற பொருளில் தீர்ப்புச் சொன்னது. மேடம் அதை அவளிடம் மறைக்கவில்லை. மாமியார் படுக்கையில் இருப்பதை நிச்சயம் சொல்வேன், தண்டனைக் காலத்தைக் குறைக்க அது உதவலாம், சிறைக்கே போகாமல் தடுக்கும் என்று எதிர்பார்க்காதே அம்மா என்றார். அந்தப் பெண் எழுந்து போன பிறகு அறையில் வெகுநேரம் யாரும் பேசவில்லை. கட்டணம் வாங்குகிற இடத்தில் இப்படி ஒரு பதிலைக் கேட்பது அரிது.

தீர்ப்பு நாளில் பேத்தியை அழைத்துவரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். குற்றவாளி என்று அறிவித்ததும் ஆறு பக்க எழுத்துமூல வாதத்தை நோட்டு நகல்களோடு தாக்கல் செய்து, நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைப் பெற வேண்டும் என்று கேட்டார். மாஜிஸ்திரேட் நோட்டின் பக்கங்களைத் திருப்பிப் பார்த்தார். காலி வரிசை இருந்த பக்கத்தில் நிறுத்தி, அந்த வாரம் என்ன நடந்தது என்று பையனிடமே கேட்டார். பையன், "உள்ள இருந்தேங்க ஐயா" என்றான். அறிக்கை கேட்டு வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. அதுவரை ஜாமீன் தொடர்ந்தது.

நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்தார், மார்க்கெட்டுக்குப் போனார், தெருவில் நான்கு பேரிடம் பேசினார். அந்த அறிக்கை இரகசியமானது. சாரத்தை மட்டும் எதிரிக்குத் தெரிவித்துப் பதில் சொல்ல வாய்ப்புத் தர கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. அலுவலர் வரும்போது என்ன பேச வேண்டும் என்று பாடம் சொல்லித்தர மேடம் மறுத்துவிட்டார். உள்ளதைச் சொல்லுங்கள், அடித்ததையும் சொல்லுங்கள் என்பதோடு முடித்துக்கொண்டார். இதில் எனக்கு அப்போது கொஞ்சம் கோபம், இப்போது இல்லை.

இனி, எழுத்துமூல வாதத்தைப் பற்றி. வருவாய்த்துறையில் மனுக்களைப் படித்தே காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் மூன்று பக்கம் அருமை, பின் மூன்று பக்கம் தேவையில்லை. பி.ஓ. ஆக்ட் பற்றிய உச்ச நீதிமன்றத்தின் ரத்தன் லால் வழக்கைப் பக்கத்துக்கு ஒருமுறை இழுத்திருந்தார்கள். அந்த வழக்கின் எதிரி 16 வயதுப் பையன். 21 வயதுக்குக் கீழானவர்களைச் சிறைக்கு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் 6-ஆம் பிரிவு அங்கே பேசப்பட்டது. எங்கள் பையனுக்கு 27. சட்டத்தின் நோக்கம் சீர்திருத்தம் என்பதற்கு அதை ஒருமுறை சொன்னால் போதும். 1974-இன் ஈடிகா அன்னம்மா வழக்கும் அப்படியே. மாமனாரால் விரட்டப்பட்டு ஒரே குழந்தையோடு பிறந்த வீட்டில் வாழ்ந்த இளம்பெண்ணின் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தபோது நீதிபதி கிருஷ்ணய்யர் அவளுடைய வாழ்க்கை நிலையைக் கணக்கில் எடுத்தார் என்பது உண்மை, ஆனால் கொலை வழக்கின் தராசு கிணற்றுத் தகராறுக்கு எதற்கு? அரசு வக்கீல் இந்த இரண்டையும்தான் பிடித்துக்கொண்டு பேசினார். மாறாக, மேடம் தரப்பு ஒரே வரியில் விட்டுவிட்ட, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 361-ஆம் பிரிவு, நன்னடத்தையில் விடக்கூடிய வழக்கில் விடாமல் தண்டித்தால் அதற்கான சிறப்புக் காரணத்தைத் தீர்ப்பில் எழுத வேண்டும் என்கிறது. புதிய சட்டத்தில் அது 402. அதை முதல் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

சிறைக்குள்ளும் தொழில் கற்றுத்தருகிறார்களே என்று அரசு வக்கீல் சொன்னது வெறும் பேச்சல்ல. வேலூர்க்காரர்களுக்குத் தொரப்பாடி மத்தியச் சிறை தெரியாத இடம் இல்லை. 1830 முதல் இருக்கிறது, உள்ளே ஷூ தைக்கும் பிரிவு நடக்கிறது, சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்கில் சிறைவாசிகள் கையால் நாமே பெட்ரோல் போட்டுக்கொள்கிறோம். சிறை அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் கழகம்கூட 1979 முதல் இந்த ஊரில்தான் இருக்கிறது. மேடம் இதை மறுக்கப் போகாமல், ஆறு மாதமோ ஓராண்டோ உள்ளே இருக்கிறவனுக்குப் புதுத் தொழில் வராது, மார்க்கெட்டில் இருக்கிற வாடிக்கை போய்விடும், வண்டிக் கடன் தவணை நின்றுவிடும், திரும்பி வருகிறவன் வந்ததைவிட மோசமான இடத்தில் நிற்பான் என்று மூன்றே வாக்கியத்தில் முடித்தார். குறுகிய தண்டனையைப் பற்றி அன்றைக்குப் பேசப்பட்டதில் இதுதான் சிறப்பு.

ஆனால் அதற்கு அடுத்த நிமிடம்தான் எங்களுக்குத் தலைகுனிவு. அடிபட்டவருக்கு என்ன செய்ய உத்தேசம் என்று மாஜிஸ்திரேட் கேட்டார். ஆறு பக்க வாதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மேடம் திரும்பி எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம். கை முறிந்ததால் நான்கு மாதம் பால் கறக்க முடியாமல் இரண்டு மாட்டை விற்றுவிட்டார் என்று அரசு வக்கீல் எழுந்து சொன்னார். எனக்கு அது தெரியும். ஒரே தெருக்காரன், தெரியாமல் எப்படி இருக்கும்? மேடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்; கேட்காததால் சொல்லவில்லை, அது என் குறை. ஆனால் ஒரு வீட்டின் கஷ்டத்தை 311 வரிசையாக எண்ணிய அலுவலகம், மறு வீட்டின் மாட்டுத் தொழுவத்தை எட்டிக்கூடப் பார்க்காதது பெரிய தொழில் குறை. இழப்பீடு கொடுக்கச் சொல்ல பி.ஓ. ஆக்டின் 5-ஆம் பிரிவு கோர்ட்டுக்கு அதிகாரம் தருகிறது. நாங்களாக முன்வந்து ஒரு தொகையைச் சொல்லியிருந்தால், அதுவும் திருந்தியதற்குச் சான்றாகவே இருந்திருக்கும்.

உத்தரவு: இரண்டு ஆண்டுக்கு நன்னடத்தைப் பிணைப்பத்திரம், ஒரு ஜாமீன்தாரர், நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வை, அடிபட்டவருக்கு 30,000 ரூபாய் இழப்பீடு. இழப்பீடு வரும் என்று முன்கூட்டியே யாரும் சொல்லாததால், அன்று மாலையே மருமகளின் செயினை அடகு வைக்க வேண்டியதாயிற்று. மறுபுறம், ஒருவேளை சிறைத் தண்டனையே வந்துவிட்டால் மேல்முறையீடு செய்யும்வரை தண்டனையை நிறுத்திவைக்கக் கோரும் மனுவை அவர்கள் முன்னதாகவே டைப் செய்து, ஜாமீன்தாரர்களையும் சொத்துவரி ரசீதோடு வரச் சொல்லி வைத்திருந்தார்கள். மூன்று ஆண்டுக்கு மிகாத தண்டனையானால் அதே கோர்ட்டிலேயே அதைக் கேட்கலாம். பயன்படாமல் போன அந்த மனுவுக்கு நான் மனமாரப் பணம் கொடுத்தேன்.

பணம் என்றதும் சொல்ல வேண்டியது இருக்கிறது. தொடக்கத்தில் 25,000 என்று பேசினார்கள். தீர்ப்புக்கு ஒரு வாரம் முன்பு, தண்டனை கட்டத்துக்குத் தனியாக 10,000 என்றார் குமாஸ்தா. வேலை நடந்தது என்பதால் தொகையில் வருத்தம் இல்லை. முதலிலேயே சொல்லாததிலும், ரசீது கேட்டபோது குமாஸ்தா முகம் சுளித்ததிலும் வருத்தம் உண்டு. மாலை ஆறு மணிக்கு முன் போனில் யாரும் கிடைக்க மாட்டார்கள். வாய்தா தள்ளிப்போன செய்தியை இரண்டு முறை நாங்களே கோர்ட் வாசலில் போய்த்தான் தெரிந்துகொண்டோம்.

இன்னொன்று, இந்த உத்தரவால் எது போகும், எது போகாது என்பதை அவர்கள் தாமாக விளக்கவில்லை. பி.ஓ. ஆக்ட்படி விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு கிடையாது என்கிறது அதன் 12-ஆம் பிரிவு. அதைக் கேட்டு, வழக்கே இல்லாமல் போய்விட்டது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். வளைகுடாவில் டிரைவர் வேலைக்குப் பாஸ்போர்ட் எடுக்கலாமா என்று பையன் கேட்டபோதுதான் மேடம், குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியேதான் இருக்கிறது, கேட்கிற இடத்தில் மறைக்கக் கூடாது, அரசு ஊழியர்களாக இருந்தால் துறை நடவடிக்கைக்கும் இது தடையல்ல என்று சொன்னார். இதை ஒரு பக்கத் தாளாக அச்சடித்து ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் கொடுத்தால் என்ன?

கட்டணம் கட்ட முடியாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். காவலில் இருப்பவர்களுக்கும் பெண்களுக்கும் வருமானத்தைப் பார்க்காமலே இலவச வக்கீல் கிடைப்பதற்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது. எந்த வக்கீலானாலும், தண்டனைக் கட்டத்துக்கு என்னென்ன தாள் வைக்கப்போகிறீர்கள் என்று விசாரணை நடக்கும்போதே கேட்டுவிடுங்கள். அடிபட்டவர் வீட்டு நிலவரத்தையும் நீங்களே விசாரித்துக் கொண்டுபோய்ச் சொல்லுங்கள்.

நான் பார்த்த இந்த அலுவலகத்துக்கு ஐந்தில் மூன்றரை கொடுப்பேன். அந்த அரை, லாரி டிரைவரின் மனைவிக்குச் சொன்ன பதிலுக்காக. போகிறவர்கள் ஆறரை மணிக்கு மேல் போகவும். ரசீதைக் குமாஸ்தாவிடம் கேட்காமல் மேடத்திடமே கேட்கவும். மருத்துவ நோட்டுகளின் அசலைக் கையை விட்டுக் கொடுக்க வேண்டாம், ஜெராக்ஸ் போதும், அசலைக் கோர்ட்டில் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எங்கள் நான்கு நோட்டும் அந்த பீரோவிலிருந்து திரும்பி வர மூன்று வாரம் ஆனது. அதற்குள் டயாலிசிஸ் யூனிட்டில் அக்காவுக்குப் புது நோட்டு போட்டுவிட்டார்கள். முதல் ஆறு வரிசையிலும் பையன் கையெழுத்துதான் இருக்கிறது.